மெல்விலும் வெள்ளைத் திமிங்கிலமும்

ஹெர்மன் மெல்வில் கடற்கதை எழுதியவர் என்று பலரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அவரை வீழ்த்தியதும் அந்தக் கணிப்புத்தான்.

1819-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 12 வயதில் தந்தையை இழந்தார். வணிகம் நொடித்துக் கடன் சூழ்ந்த குடும்பம். எழுத்தராகவும் நாட்டுப்புறப் பள்ளி ஆசிரியராகவும் சில காலம் உழைத்துவிட்டு, 1841-இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். மறு ஆண்டே மார்க்கீசாஸ் தீவொன்றில் கப்பலை விட்டுத் தப்பியோடினார். அத்தீவு வாழ்க்கையை வைத்து எழுதிய 'டைப்பீ' (1846) புகழ் தேடித் தந்தது. நரமாமிசம் உண்போரிடையே வாழ்ந்து மீண்டவர் என்று ஊரார் அவரை வியந்தனர். அதே சரக்கை இன்னும் பத்து நூல்களில் விற்றிருக்கலாம். அவர் மனம் ஒப்பவில்லை.

1851-இல் 'மோபி டிக்' வெளிவந்தது. தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கப் புறப்பட்ட ஏகாப் எனும் கப்பல் தலைவன், தன் ஆட்களையெல்லாம் அழிவுக்கு இழுத்துச் செல்லும் கதை அது. நடுவே திமிங்கிலத்தின் எலும்பு, தோல், எண்ணெய் காய்ச்சும் உலை, கயிறு என்று இயல் இயலாக விரிகிறது. இவை கதைக்குத் தடை என்பது அன்றுதொட்டு வரும் குறை. ஏகாபுக்குத் திமிங்கிலம் பகை, அவ்வளவே. கதை சொல்லும் இஸ்மவேலோ அதை அளந்து, வகுத்து, பெயரிட்டுப் பார்க்கிறான். பார்த்த பின்னும் முழுதாக அறியக்கூடவில்லை என்று ஒப்புகிறான். அவ்வியல்களை நீக்கிவிட்டால் ஏகாபின் வெறிக்கு மறுமொழியே நூலில் இராது. (சுந்தா நீரிணையில் திமிங்கிலங்களைக் கப்பல் துரத்த, கப்பலை மலாய்க் கடற்கொள்ளையர் துரத்தும் இயலை நம் பக்கத்து வாசகர் தவறவிடலாகாது.)

இலண்டனில் முந்தி வந்த பதிப்பில் முடிவுரை விடுபட்டுப் போயிற்று. இஸ்மவேல் பிழைத்த செய்தி இருந்ததோ அதிலேதான்! எல்லாரும் மாண்டபின் கதை சொன்னவன் யார் என்று அங்குள்ள மதிப்புரையாளர் சிலர் எள்ளினர். ஆசிரியர் கண்மூடும் வரையில் அந்நூல் 4,000 படிகள்கூட விற்கவில்லை.

அடுத்து வந்த 'பியேர்' (1852) உள்ளபடியே தளர்ந்த நூல். அதைத் தள்ளிய வாசகரைப் பழிப்பதற்கில்லை. 1857-க்குப்பின் மெல்வில் நாவல் எதையும் வெளியிடவில்லை. 1866 முதல் 19 ஆண்டுகள் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகச் சரக்குகளைச் சோதித்து வந்தார். 1891-இல் அவர் மறைந்தபோது 'பில்லி பட்' எனும் குறுநாவல் கையெழுத்துப் படியாகக் கிடந்தது. அது அச்சேறியது 1924-இல்.