ஜாக் பெட்டிக்கு ஒரு பாராட்டு
அமெரிக்காவின் 911 அவசர அழைப்பு மையங்களில் கண்ணைக் கவர்வது திரைகள்தான். கைத்திறன் இருப்பதோ மேசை விளிம்புக்கு அடியில் திருகிவைத்த ஜாக் பெட்டியில். ஹெட்செட்டின் இரட்டை முனை பிளக்கைச் செருகியதும் மைக், காதொலி, பேசும் சுவிட்ச் மூன்றும் ஒன்றாக இணைகின்றன. ஹெட்செட் வந்ததைக் கன்சோல் உணர்ந்து ரேடியோக் குரலை ஸ்பீக்கரிலிருந்து காதுக்கு மாற்றுகிறது. போன் அழைப்பை எடுத்தால் அழைப்பவர் குரல் காதுக்கு வரும், ரேடியோ ஸ்பீக்கருக்குப் போய்விடும். இரு கைகளும் தட்டச்சில் இருக்க, காலடிப் பெடலை மிதித்தே ரேடியோவில் பேசலாம்.

நாலு கம்பியை முடுக்குவதில் என்ன கலை என்று கேட்கலாம். மைக்கின் சிக்னல் மிகச் சிறியது. அதைக் கொண்டுசெல்லும் கேபிளின் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்தால் கிரவுண்ட் லூப் உண்டாகி 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே புகும். தெரிந்தவர் ஒரு முனையோடு நிறுத்துவார். அந்தக் கேபிளை மின்கேபிளோடு சேர்த்துக் கட்டமாட்டார், குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடப்பார். ஏறி இறங்கும் மேசைக்கு வேண்டிய தளர்வும் விடுவார், இரு முனையிலும் லேபிளும் ஒட்டுவார். வயர்லெஸ் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. நடமாடும் வசதி உண்மைதான். ஆனால் நீண்ட ஷிப்ட்டில் பேட்டரி தீரும். வயர்லெஸ்ஸின் அடித்தளக் கருவியும் பெரும்பாலும் இதே ஜாக்கில்தான் செருகப்படுகிறது. கம்பியில் கோளாறு இருந்தால் மேலே நிற்கும் எந்தப் புதுமையும் உதவாது. ஆகவே கன்சோலுக்குத் தரும் மதிப்பில் பாதியாவது அதை இணைத்தவருக்குச் சேர வேண்டும்.