பெயர்ப்பலகையும் சஹனும்

நூலுக்குத் திறனாய்வு உண்டு, நாடகத்திற்கும் உண்டு, உணவு விடுதிக்கு எதற்கு என்று வினவுவோர் நம் வாசகர்களுள் இருக்கக்கூடும். கவிதைத் தொகுதியொன்றை வாங்கி ஏமாந்தவர் அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். குடும்பத்தோடு உண்ணச் சென்று ஏமாந்தவருக்கு அந்த வசதி இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சாக இருக்கும். அன்றியும், ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பது அது எழுதும் ஏடுகளைவிடக் காசு கொடுத்து உண்ணும் இடங்களில் தெளிவாகத் தெரியும் என்பது நம் துணிபு.

உணவு விடுதிகளைப் பற்றிப் பேசுவோருக்கு இன்று குறைவில்லை. கைப்பேசித் திரையில் இளைஞர் ஒருவர் தோன்றுகிறார். ஒரு கவளத்தை வாயிலிட்ட மாத்திரத்தில் கண்களை மூடிக்கொள்கிறார்; தலையை அசைக்கிறார்; 'வேற லெவல்' என்கிறார். அத்துடன் முடிந்தது. அது பரிந்துரை, திறனாய்வு அன்று. இந்தப் பண்டம் எங்கிருந்து வந்தது, யார் கைவழியாக வந்தது, வரும் வழியில் எதை இழந்தது, எதைப் பெற்றது என்று கேட்டால்தான் அது திறனாய்வு. இக்கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னையில் அண்மைக் காலத்தில் நாம் உண்ட இடங்கள் சிலவற்றைப் பற்றி இங்கு எழுதுகிறோம். குறைகூற நேரும் கடைகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை; நாம் சுட்டும் குறை ஒரு கடையின் குறை அன்று.

முதலில் அத்தோ. பாரிமுனையை அடுத்து, செகண்ட் லைன் பீச் என்று மக்கள் அழைக்கும் தெருவில் மாலை வேளையில் சென்றால், தள்ளுவண்டிகளின் முன் நின்றபடியே உண்ணும் கூட்டத்தைக் காணலாம். பர்மாவில் 1962-ஆம் ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1964-இல் கடைகளும் வாணிகமும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்த தமிழர் இலட்சக்கணக்கில் கப்பலேறித் திரும்பினர். இந்துக்களும் முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்டது சொற்பம். சோதனைச் சாவடியில் பறிக்க முடியாததாக அவர்களிடம் இருந்தது நாக்கின் நினைவு ஒன்றே. 1969-இல் துறைமுகத்தை ஒட்டிப் பர்மா பஜார் உருவாயிற்று. அதன் பக்கத்துத் தெருக்களில் அத்தோ வேரூன்றியது.

வண்டிக்காரர் செய்வதைச் சற்று நின்று கவனியுங்கள். தடித்த கோதுமை நூடுல்ஸ் ஒரு பிடி. மெல்லியதாய்ச் சீவிய முட்டைக்கோசும் வெங்காயமும். பொன்னிறமாய்ப் பொரித்த வெங்காயம். பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த் தூள், எலுமிச்சை. மேலே பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போடுகிறார். பின்பு கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிசைகிறார். பர்மிய மொழியில் அச்சொல்லின் மூலத்திற்கே பிசைந்து கலந்தது என்றுதான் பொருள். தட்டோடு ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வருகிறது. கேட்டால் மறுமுறையும் ஊற்றுகிறார்கள், காசு கேட்பதில்லை.

இது இரங்கூனில் உண்ட அத்தோதானா என்றால், அன்று. அங்கே மீன் சாறும் உலர்ந்த இறால் பொடியும் இல்லாமல் சுவை நிறைவதில்லை; இங்கே பெரும்பாலும் அவை இல்லை, புளி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே மொய்ங்கா என்பது மீன் கரைந்த குழம்பில் அரிசிச் சேமியாவும் வாழைத்தண்டும் சேர்ந்த காலை உணவு. இங்கே மீன் போய்விட்டது, வாழைத்தண்டு நிலைத்துவிட்டது. ஆயினும் இதைக் கலப்படம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மாற்றியவர்கள் எதை மாற்றுகிறோம் என்று அறிந்தே மாற்றினார்கள். மூலத்தை உண்டு வளர்ந்தவர்கள், புதிய ஊரின் சந்தையையும் நாக்கையும் பார்த்துச் செய்துகொண்ட சமரசம் அது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் செய்யும் வேலையும் இதுவே. குறையும் சொல்லவேண்டும்: நூடுல்ஸுக்கு ஏற்றும் அந்தச் செஞ்சாயம் எவருடைய நினைவிலிருந்து வந்ததோ, அது தேவையே இல்லை. பெண்கள் உட்கார்ந்து உண்ண அங்கு இடமில்லை என்பது அதனினும் பெரிய குறை. நம் வீட்டுப் பெண்கள் பொட்டலத்தில் ஆறிப்போனதைத்தான் உண்கிறார்கள். ஆறிய அத்தோ அத்தோ அன்று.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. நம்மவர் கடல் கடந்து கொண்டுசென்ற உணவு அது. பினாங்கில் தோளில் காவடி போலச் சோற்றையும் ஆணத்தையும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவுக்கு அந்தச் சுமையின் பெயரே நிலைத்து 'நாசி கந்தார்' ஆயிற்று. அவ்வூரின் ஹமீதியா உணவகம் 1907 முதல் நடந்துவருகிறது. முர்தபாவின் பெயர் அரபுச் சொல். மடித்தது என்று பொருள். அதை மலேயா முழுதும் பரப்பியதில் நம் பரோட்டாக்காரர்களின் கைக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னையிலும் இவ்வகை வரவு உண்டு. கொழும்பிலிருந்து வந்த ஏ. எம். புகாரி 1951-இல் மவுண்ட் ரோட்டில் திறந்த விடுதியை நம்மில் மூத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். 'சிக்கன் 65' அங்கே 1965-இல் பிறந்தது என்பது பலராலும் சொல்லப்படும் செய்தி. ஆட்கள் கொண்டுவந்த உணவு இது. பலகை கொண்டுவந்த உணவு வேறு.

பலகை கொண்டுவந்த உணவுக்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. 'சைனீஸ்' என்று எழுதிய எந்தக் கடைக்கும் செல்லலாம். ஃப்ரைடு ரைஸ், மஞ்சூரியன், மீண்டும் ஃப்ரைடு ரைஸ். மஞ்சூரியன் பம்பாயில் 1970-களில் உண்டாக்கப்பட்டது என்பர். மஞ்சூரியாவிற்கு அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை. கல்கத்தாவில் குடியேறிய சீனர் தம் அடுப்பை இந்திய மசாலைக்குப் பழக்கியது ஒரு கதை, அது மதிக்கத்தக்கது. நாம் உண்ட கடையில் அந்தக் கதையின் வாசனையும் இல்லை. சோயாவும் சோள மாவும் இருந்தன. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மந்திக் கடைகளைப் பற்றித்தான் விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. நம் குடும்பங்கள் இன்று மிகுதியாகச் செல்லும் இடங்கள் அவை.

மந்தி யமனின் ஹள்ரமவ்த் பகுதிக்குரிய உணவு. தரையில் தோண்டிய அடுப்புக் குழியில் கனல் மூட்டி, அடியில் அரிசிப் பாத்திரத்தை வைத்து, அதற்கு மேலே இறைச்சியைத் தொங்கவிட்டு மூடிவிடுவர். இறைச்சியின் கொழுப்பும் சாறும் சொட்டுச் சொட்டாய் வடிந்து சோற்றில் இறங்கும். மசாலை மிகக் குறைவு. அதன் சிறப்பு பொறுமையில் இருக்கிறது. அரபு நாடுகளில் உழைத்துத் திரும்பிய நம் இளைஞர்களுக்கு இச்சுவை தெரியும். கேரளத்தின் வழியாகவும் அது இங்கே வந்தது. ஆகவே, இதுவும் ஆட்கள் கொண்டுவந்த உணவுதான் என்று வாதிடலாம், ஓரளவு உண்மையும்கூட. குழி தோண்டி முறையாகச் சமைக்கும் கடைகள் நகரில் உண்டு. அங்கே சோற்றைத் தனியே வாயிலிட்டாலும் இறைச்சியின் சுவை இருக்கிறது.

ஆனால் நாம் குடும்பத்தோடு சென்ற ஒரு கடையில், சோறு ஓரிடத்தில் வெந்தது, கோழி வேறிடத்தில் பொரிந்தது. இரண்டும் தட்டில்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டன. கிண்ணத்தில் ஒரு கரித்துண்டை வைத்து எண்ணெய் ஊற்றிப் புகை காட்டி மூடிக் கொண்டுவந்தார்கள். மஞ்சள், சிவப்பு என்று சாயம் திட்டுத்திட்டாய்த் தெளித்திருந்தது. சுவரில் ஒட்டகப் படம். பணியாளருக்கு அரபு உடை. அந்த உடைக்குள் இருந்த பிள்ளை எந்த ஊரென்று கேட்டோம். விழுப்புரம் பக்கம் என்றார். வெப்பத்தில் அந்த அங்கி அவருக்கு வேதனையாக இருந்தது தெரிந்தது.

கீழே விரிப்பில் அமர்ந்தோம். ஆறு பேருக்கு ஒரே பெரிய தட்டு வந்தது. "ஒரே தட்டில் எல்லோருமா!" என்று எம் வீட்டுச் சிறுவர்கள் வியந்தார்கள், அதைப் படமும் எடுத்துக்கொண்டார்கள். எம்முடன் வந்திருந்த உம்மம்மா அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "இது நம்ம சஹன்தானே வாப்பா? இதுக்கா இவ்வளவு காசு?" என்றார்கள்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வினாதான்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஏனைய நம் கடற்கரையூர்களிலும் சஹனில் சேர்ந்துண்பது தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். கலியாண வீட்டில் பாய் விரிப்பார்கள். படிக்கமும் கெண்டியும் வரும். கையலம்ப நீர் ஊற்றுபவர் வீட்டுக்கு நெருங்கிய உறவினராக இருப்பார். சஹனைச் சுற்றி அமர்பவர்களில் செல்வரும் இருப்பார். அவரிடம் கூலி வேலை செய்பவரும் இருப்பார். தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுக்கவேண்டும்; நல்ல இறைச்சித் துண்டை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவைக்கவேண்டும்; பக்கத்திலிருப்பவர் முடிக்குமுன் எழக்கூடாது. இவற்றையெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லித்தந்ததில்லை. சஹனே கற்பித்தது. எம் வீட்டுச் சிறுவர்களுக்கு இது அரபு நாட்டுப் புதுமையாகத் தோன்றுகிறது என்றால், பிழை கடைக்காரருடையதன்று. நகரத்து வீடுகளில் மேசை வந்தது; ஆளுக்கொரு தட்டு வந்தது; கலியாண மண்டபங்களில் வரிசையில் நின்று பரிமாறிக்கொள்ளும் முறையும் வந்துவிட்டது. நாம் கைவிட்டதை ஒருவர் எடுத்து, அதற்கு வேறு நாட்டின் பெயரைச் சூட்டி, நமக்கே விலைக்குத் தருகிறார். அவருடைய வாணிகத் திறமையை நாம் குறைகூற முடியாது.

நம் வீட்டு உணவுக்கும் இதே கதிதான். களரிக்கறி, நெய்ச்சோறு, கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பும் கூடிய துணைக்கறி, இறால் வைத்த வாடா, இடியாப்பமும் ஆணமும், வட்டிலப்பம் ஆகியவற்றை எந்த விடுதியின் உணவுப் பட்டியலில் நீங்கள் பார்த்தீர்கள்? நம்மவர் நடத்தும் விடுதிகளிலேயே பார்க்க முடிவதில்லை. பிரியாணி இருக்கும், அதுவும் சீரக சம்பாவிலிருந்து நெடிய பாசுமதிக்கு மாறிவருகிறது. ஷவர்மா வாசலிலேயே சுழன்றுகொண்டிருக்கும். காரணம் கேட்டால், "வீட்டில் கிடைப்பதை யார் கடையில் வாங்குவார்கள்?" என்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அது சரியான விடை. இன்று எத்தனை வீடுகளில் கிடைக்கிறது? வட்டிலப்பத்திற்கு எத்தனை முட்டைக்கு எவ்வளவு தேங்காய்ப்பால் என்பது நம் பெண்களின் கைக்கணக்கு, எழுதிவைக்கப்பட்டதன்று. அந்தக் கைகள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன.

வாசகர்களிடமும் ஒரு குறை உண்டு. 'ஹலால்' என்ற பலகையைக் கண்டதும் நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த வினா கட்டாயமானது; அதில் ஐயமில்லை. ஆனால் அது வாசற்படியில் கேட்கவேண்டிய வினா. உள்ளே சென்றபின் கேட்கவேண்டியவையும் இருக்கின்றன: எண்ணெய் எத்தனையாவது முறை கொதிக்கிறது, சாயம் எதற்கு, பெண்களுக்கென்று ஒதுக்கிய அறைக்கு ஏன் சன்னலே இல்லை. இந்தக் கடைசி வினாவை நாம் ஒரு விடுதியில் கேட்டோம். "குளிர்சாதனம் இருக்கிறதே" என்றார் மேலாளர். அன்று அது ஓடவில்லை.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மண்ணடியின் சந்தொன்றில் நடந்துகொண்டிருந்தபோது, பழகிய மணம் ஒன்று மூக்கில் பட்டது. நான்கு மேசை மட்டுமே கொள்ளும் மெஸ். கலியாண வீடுகளில் சமைத்துவந்த முதிய பண்டாரி ஒருவர் தம் மருமகனோடு நடத்துகிறார். நெய்ச்சோறும் கறியும் வந்தன. முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது, களரிக்கறியேதான். மசாலை சற்றுத் தூக்கல். சோறு ஒரு கொதி முன்னதாகவே இறக்கப்பட்டிருக்கலாம். மற்றபடி எக்குறையும் இல்லை. வெளியே வந்து பலகையைப் பார்த்தோம். 'மட்டன் கறி சாப்பாடு' என்றிருந்தது.

"களரின்னு எழுதக்கூடாதா காக்கா?" என்று கேட்டோம்.

"எழுதுனேன் தம்பி. அது என்னா, என்னான்னு வர்றவங்கள்லாம் கேக்குறாங்க. நம்ம ஆளுங்களே கேக்குறாங்க. அடுப்பைப் பாப்பேனா, பதில் சொல்லிக்கிட்டு இருப்பேனா?"

உம்மம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் கட்டச் சொன்னோம். சட்டியில் அவ்வளவுதான் மீதமிருந்தது.