பிரியாமை வேண்டும் காதல்: தொங் ஹுவாவின் ‘சாங் சியாங் சி’ புதினத்தில் காதலர் பன்மை

முன்னுரை

சீன மிகுபுனைவுக் காதற்புதினங்களில் தலைவி ஒருத்தியை ஆடவர் பலர் விரும்புதல் பெருவழக்கு. இதனை வாசகரின் விருப்ப நிறைவேற்றம் எனக் கூறி ஒதுக்கிவிடுவதும் உண்டு. தொங் ஹுவா எழுதி, 2013, 2014 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘சாங் சியாங் சி’ (நெடிய ஏக்கம்) அம்முடிவை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்த இப்புதினத்தில், காதலர் பன்மை தலைவியின் கவர்ச்சியை அளக்கும் எண்ணிக்கை அன்று; கடமைக்கும் காதலுக்கும் உள்ள முரணை நான்கு நிலைகளில் ஆராயும் உத்தி என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொன்மப் பின்புலம்

‘ஷான் ஹாய் ஜிங்’ என்னும் சீனப் பழநூல், கோங்கோங்கின் அமைச்சனாகிய சியாங்லியூவை ஒன்பது தலைகளுடைய பாம்பு எனக் காட்டுகிறது. அவன் தீண்டிய நிலம் சதுப்பாகும். அவனை யூ என்னும் வீரன் கொன்றான். தொங் ஹுவா இக்கொடிய உருவை, வீழ்ந்த அரசொன்றின் எஞ்சிய படையைக் காக்கும் தளபதியாக மாற்றுகிறார். மஞ்சள் பேரரசரின் பெயரனான சுவான்ஷூ, அரியணைக்குப் போராடும் இளவரசனாகிறான். ஒன்பது வால் நரியின் மரபினராகிய தூஷான் வணிகக் குலத்தின் மகன் ஜிங். நான்காமவன் சிஷுய் குலத்து ஃபெங்லாங்.

தலைவியின் வேண்டல்

தலைவி சியாவ்யாவ், குழந்தைப் பருவத்தில் தாயால் மலையொன்றில் விடப்பட்டவள். போருக்குச் சென்ற தாய் மீளவில்லை. பின்னர்த் தன் முகத்தையும் இழந்து, ஆண் உருவில் சிற்றூர் ஒன்றில் மருத்துவராக வாழ்கிறாள். உலகம் தாயை வீராங்கனை எனப் போற்றுகிறது. மகளுக்கோ அவள் திரும்பி வராதவள் மட்டுமே. ஆகவே சியாவ்யாவ் தேடுவது பெருவீரனையன்று, தன்னைவிட்டு நீங்காதவனை.

இந்த அளவுகோலின்முன் நால்வரும் நிறுத்தப்படுகின்றனர். சுவான்ஷூ அரசியற் கூட்டணிக்காகப் பல பெண்களை மணக்கிறான். சியாங்லியூ தோல்வி உறுதி என்றறிந்தும் தன் படையைக் கைவிடான். ஃபெங்லாங்கிற்குத் திருமணம் குலப் பெருமையோடு பிணைந்தது. ஜிங்கும் தொடக்கத்தில் குடும்பக் கடமையால் தடுமாறுகிறான். எனினும் இறுதியில் குலத்தலைமையைத் துறக்கிறான். அவனே தேர்ந்தெடுக்கப்படுகிறான்.

தமிழ் அகமரபு வாசகருக்கு இவ்வமைப்பு ஒரு வேறுபாட்டை உணர்த்தும். நொதுமலர் வரைவில் பெண் கேட்டு வரும் அயலாருக்கு அகவுலகம் இல்லை. தலைமக்களின் மணத்தை விரைவுபடுத்துவதே அவர்தம் பணி. இங்கோ மறுக்கப்படுபவர் ஒவ்வொருவரும் தனித்த உள்ளமும் நியாயமும் உடையவர். அதனால் ஒருவரைத் தேர்தல் என்பது பிறரை இழத்தலுமாகிறது.

அறியாமையின் விலை

புதினத்தின் ஆழமான சிக்கல் சியாங்லியூவிடம் உள்ளது. அவன் தலைவிக்கு வில்வித்தை கற்பிக்கிறான். அவள் உயிரைக் காக்கிறான். இறக்குமுன் தன் அன்பின் தடயங்களைத் தானே அழிக்கிறான். அவன் செய்தவை அனைத்தையும் வாசகர் அறிவர், அவள் அறியாள். முழுமையாக அறியாமல் செய்த தேர்வு உண்மைத் தேர்வாகுமா என்னும் வினா எழுகிறது. தான் மறைந்த பின்னும் அவள் வாழ்வு தன் நினைவுக்குக் கட்டுப்படலாகாது என்பதே அவனது மறைப்பின் நோக்கம் எனக் கொள்ளலாம். ஆயினும் அவளுக்குரிய முடிவை அவனே எடுத்துவிடுகிறான் என்பதும் மறுக்கவியலாதது. அவளது அமைதியான இல்வாழ்வின் அடியில் இவ்வநீதி தங்கியிருக்கிறது.

குறைபாடு ஒன்றையும் சுட்ட வேண்டும். ஜிங்கின் தயக்கம் மிகையாக நீள்கிறது. அவன் உள்ளம் செயலால் அன்றிப் பொறுமையாலேயே பெரிதும் புலப்படுகிறது. ‘அவளை விட்டு நீங்காதவன்’ என்ற ஒரு பண்பைக் காக்கவே ஆசிரியர் பிற பண்புகளை மங்கவைத்துவிட்டார் எனத் தோன்றுகிறது.

முடிவுரை

வீரமும் விசுவாசமும் போற்றத்தக்கவையே. ஆனால் அவற்றின் விலையை வீட்டிலிருப்போர் செலுத்துகின்றனர் என்பதை இப்புதினம் கைவிடப்பட்ட மகளின் நோக்கில் உரைக்கிறது. காதலர் பலராயிருத்தல் அவ்விலையை ஒப்பிட்டுக் காட்டுகிறது. தலைப்புக் குறிக்கும் நெடிய ஏக்கம் தலைவிக்கு மட்டும் உரியதன்று. அவள் அறியாததை அறிந்த வாசகருக்கும் உரியது.