லெனின் விடுபட்ட பட்டியல்

2022 ஜூலையில் 68-வது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என ஐந்து விருதுகளை ‘சூரரைப் போற்று’ அள்ளியது. டெல்லி கடைசியில் தமிழைக் கண்டுகொண்டுவிட்டது என்ற பேச்சு உடனே கிளம்பியது.

அது தவறான பேச்சு. சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ தங்கத் தாமரை வாங்கி அதற்குள் முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இடையில் ‘காஞ்சிவரம்’ இன்னொன்றைக் கொண்டுவந்தது. அதற்கும் முந்தைய கதை வாசகர்கள் அறிந்ததுதான்: ‘மலைக்கள்ளன்’ பெற்ற வெள்ளிப் பதக்கம், ‘ரிக்‌ஷாக்காரன்’ எம்.ஜி.ஆர்., கமலின் மூன்று விருதுகள், ‘பசி’ ஷோபா, ‘வீடு’ அர்ச்சனா. டெல்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மறந்தவர்கள் நாம்.

அந்த மறதிக்குப் பலியானவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பீ.லெனின். தமிழ்ப் படத்துக்காகச் சிறந்த இயக்குநர் விருது பெற்றவர்கள் யார் என்று கேட்டால் ‘காதல் கோட்டை’ அகத்தியன், ‘நான் கடவுள்’ பாலா, ‘ஆடுகளம்’ வெற்றிமாறன் என்று பதில் வரும். 2001-ஆம் ஆண்டுக்கான விருதை ‘ஊருக்கு நூறு பேர்’ படத்துக்காக லெனின் வாங்கியது யார் நினைவிலும் இல்லை. ‘லகான்’ நாட்டையே ஆட்டிவைத்த ஆண்டு அது. நடுவர்கள் கிரீஷ் காசரவள்ளியின் ‘த்வீபா’வைச் சிறந்த படமாகவும் லெனினைச் சிறந்த இயக்குநராகவும் தேர்ந்தெடுத்தார்கள். துணிச்சலான, நேர்மையான தீர்ப்பு.

லெனினை வெறும் எடிட்டராகவே தமிழ்த் திரையுலகம் அறியும். வி.டி.விஜயனோடு சேர்ந்து ‘நாயகன்’ படத்தை வெட்டிக் கோத்தவர், ‘காதலன்’ படத்தொகுப்புக்குத் தேசிய விருது பெற்றவர். வணிகப் படங்களின் வேகத்தைத் தன் கையால் உருவாக்கிய ஒருவர், இயக்க வந்தபோது அந்த வேகத்தை உதறிவிட்டு, ‘ஊருக்கு நூறு பேர்’ கதைக்காக எழுத்தாளர் ஜெயகாந்தனிடம் போனார்.

இது தற்செயலல்ல. ஜெயகாந்தன் தன் கதையைத் தானே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ அறுபதுகளிலேயே தேசிய அங்கீகாரம் பெற்றது. அடுத்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. கங்காவாக லட்சுமி காட்டிய அடக்கம் அவருக்குச் சிறந்த நடிகை விருதைத் தந்தது. இயக்கியவர் ‘பாசமலர்’ தந்த ஏ.பீம்சிங், லெனினின் தந்தை. கண்ணீர்க் காவியங்களின் மன்னர் தன் கடைசி ஆண்டுகளில் அடைந்த இடத்திலிருந்து மகன் தொடங்கினார்.

விருதுப் பட்டியலின் வலுவான இழை இதுதான்: இலக்கியத்தை நம்பிய சினிமா. ‘மறுபக்கம்’ இந்திரா பார்த்தசாரதியிடமிருந்து வந்தது. ‘விசாரணை’ மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’, ‘அசுரன்’ பூமணியின் ‘வெக்கை’. அதே 68-வது பட்டியலில் சிறந்த தமிழ்ப் படமான வசந்தின் ‘சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும்’ அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் கதைகளிலிருந்து பிறந்தது. படத்தொகுப்பு, துணை நடிகை விருதுகளும் அதற்கே. ‘சூரரைப் போற்று’ எழுப்பிய ஆரவாரத்தில் இந்த அரிய படத்தைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமிருக்கவில்லை.

நட்சத்திரங்களின் விருதுகளை எண்ணுவதை இனி ரசிகர் மன்றங்களுக்கு விட்டுவிடலாம். சென்னையில் திரைப்பட விழா நடத்துபவர்கள் ‘உன்னைப்போல் ஒருவன்’, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, ‘ஊருக்கு நூறு பேர்’ மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துத் திரையிட வேண்டும்; லெனினை மேடையேற்றி அவரைப் பேச வைக்க வேண்டும்.