ஃபிளாஷ் பாடங்கள் கைப்பேசியில் ஏன் திறக்கவில்லை? – ஸ்டீவ் ஜாப்ஸ் மடல்: ஒரு திறனாய்வு

“டீச்சர், இந்தப் பயிற்சி என் போன்ல திறக்கவே மாட்டேங்குது!” சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்கள் பலரும் கேட்ட குறை இது. கணினியில் நன்றாக ஓடிய ஃபிளாஷ் பயிற்சி, ஐபோனில் வெறும் கட்டமாக நிற்கும். போன் பழுதில்லை; ஆப்பிள் நிறுவனம் ஃபிளாஷை அதில் அனுமதிக்கவே இல்லை. அதற்கான காரணங்களை ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் ஒரு திறந்த மடலாக எழுதினார். அந்த மடலை ஒரு வாதக் கட்டுரையாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில், பிளக்-இன் என்றால் என்ன? உலாவிக்குத் தானாக இயக்கத் தெரியாத அசைபடம், ஒலி, விளையாட்டு ஆகியவற்றை இயக்க, வேறொரு நிறுவனம் எழுதித் தரும் துணை மென்பொருள் அது. அதில் ஓட்டை விழுந்தால், அதை அடைப்பதும் அந்த நிறுவனத்தின் கையில்தான்.

மடலின் வலுவான வாதங்கள் மூன்று. ஒன்று, பாதுகாப்பும் நிலைத்தன்மையும். இரண்டு, மின்கலம்: எச்.264 காணொளியை வன்பொருள் வழி இயக்கினால் 10 மணி நேரம் வரை ஓடும், மென்பொருள் வழி இயக்கினால் 5 மணி நேரம்கூடத் தாங்காது என்கிறார். மூன்று, தொடுதிரை: பல ஃபிளாஷ் பக்கங்கள் சுட்டியை மேலே கொண்டுபோனதும் பட்டியல் விரியும்படி செய்யப்பட்டவை. விரலுக்கு அந்த வேலை ஒத்துவராது. பிறகு நடந்ததும் இவற்றுக்குச் சாதகமே. 2010இல் ஆண்ட்ராய்டுக்கு ஃபிளாஷைக் கொண்டுவந்த அடோபி, 2011 நவம்பரில் கைப்பேசி உலாவிகளுக்கான பணியை நிறுத்துவதாக அறிவித்தது.

சறுக்கும் இடங்களும் உண்டு. ஃபிளாஷ் ஒரே நிறுவனத்தின் சொத்து என்று குறை சொல்பவரின் செயலிக் கடையும் ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது? தம்மிடமும் தனியுரிமைப் பொருள்கள் பல உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவர் அப்படியே கடந்துபோகிறார். ஃபிளாஷ் விளையாட்டுகள் ஓடாதே என்ற குறைக்கு, எங்கள் கடையில் 50,000க்கும் மேற்பட்ட விளையாட்டு, பொழுதுபோக்குச் செயலிகள் உள்ளன என்கிறார். இணையத்தில் இருப்பது திறக்குமா என்று கேட்டால், கடையில் வேறு இருக்கிறது என்பது பதிலாகுமா? மாணவர்களே, கட்டுரையில் எதிர்வாதத்தை மறுக்கும்போது இப்படி நழுவாதீர்கள்.

எப்படியும் தொடுதிரைக்காகத் திருத்தி எழுதத்தான் வேண்டும், அதைப் புதிய தொழில்நுட்பத்திலேயே எழுதலாமே என்பது அவர் யோசனை. நிறுவனங்களுக்குச் சரி. வார இறுதிகளில் உட்கார்ந்து ஒரு சொல் விளையாட்டு செய்த ஆசிரியருக்கு யார் எழுதித் தருவார்கள்? அந்த இழப்பு மடலின் கணக்கில் வரவே இல்லை.

2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் பழைய கோப்புகள் ஃபிளாஷ் பிளேயரில் ஓடாதபடி தடுத்தும் விட்டது. ஆக, முடிவு சரி. அதன் விலையைக் கொடுத்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. பழைய கோப்புகளை அழித்துவிடாதீர்கள். ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. புதிதாகச் செய்யும்போது கேள்வி, விடை, ஒலி, படம் ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகவும் தமிழ் எழுத்துகளை யூனிகோடிலும் சேமித்து வையுங்கள். நாளை கருவி மாறினாலும் பாடத்தை மறுபடி கட்டிவிடலாம்.