நண்பகல் மணலும் இரவு மெழுகுதிரியும்

கற்பிட்டிக் குடாநாட்டில், தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் திருவிழா நடக்கும். படம் எடுப்பவருக்கு அங்கே ஒரே நாளில் இரண்டு வெளிச்சங்கள். பகலில் கடற்கரை மணலின் கண்கூசும் வெயில். இரவில் மெழுகுதிரிச் சுடர். பிலிம் கமராவுக்கு இது கடும் சோதனை. சுருளின் ஒளியுணர்திறன் தொழிற்சாலையிலேயே முடிவானது; வெயிலுக்கென்று போட்ட 100 ஐஎஸ்ஓ சுருளை வீணாக்க மனமில்லாவிட்டால் 36 படமும் முடியும்வரை வைத்துக்கொண்டுதான் இருளுக்குள் போகவேண்டும். பிளாஷ் அடித்தால் முகம் வெளிறும், சுடரின் பொன்னிறம் மறையும். டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் உணர்திறனை மாற்றலாம். அதைவிடப் பெரிய நன்மை, எடுத்த படத்தை நின்ற இடத்திலேயே பார்ப்பது. திருச்சொரூபப் பவனி நமக்காகத் திரும்பி வராது. கூடாரமடித்துத் தங்கிய குடும்பங்கள் விழா முடிந்ததும் ஊர் திரும்பிவிடும். பிறகு படம் கழுவிப் பார்த்துக் குறை தெரிந்து என்ன பயன்? செலவு குறைவு என்பதை நான் இரண்டாவதாகவே வைப்பேன். திருத்த நேரமிருக்கும்போதே பிழை தெரிந்துவிடுகிறது. டிஜிட்டலின் தலையாய நன்மை அதுவே.

நம் நிறத்தவருக்கு இது இன்னும் முக்கியம். வண்ண அச்சின் சமநிலையைப் பல தசாப்தங்களாகச் சரிபார்த்தது ‘ஷெர்லி அட்டை’ என்ற மாதிரிப் படத்தை வைத்து. அதில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண். அந்த அளவுகோலில் கறுத்த முகங்கள் விவரமற்ற நிழலாய்ப் போயின. இன்று அந்தச் சமநிலையைப் படம் எடுப்பவரே மாற்றலாம். ஆனால் டிஜிட்டல் தானாகவே நேர்மையானதல்ல. முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கங்களைத் தேய்த்துவிடும் கைபேசி அழகூட்டல் பழைய அநீதியைப் புதுவழியில் கொண்டுவருகிறது. உப்புக்காற்றில் உழைத்த முகத்துக்கு அந்தச் சுருக்கங்கள்தான் வரலாறு. அந்த வசதியை அணைத்துவிட்டே படம் எடுக்கவேண்டும்.

பிலிமை விரும்புவோரின் வாதங்களில் ஒன்றை மறுக்கமுடியாது. வண்ண நெகட்டிவ் மிகை வெளிச்சத்தைத் தாங்கும். டிஜிட்டலில் வெண்மணலும் வெள்ளைச் சட்டையும் அளவுமீறி வெளுத்தால் அங்கே மீட்க எதுவும் இல்லை. வெயிலில் சற்றுக் குறைத்து எடுப்பதே வழி. ஆனால் 36 படம் என்ற வரம்பு சிந்திக்கப் பழக்கியது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. நிதானம் எடுப்பவரின் குணம். அந்த வரம்பு வசதியற்ற குடும்பங்களின் நினைவையும் சேர்த்தே சுருக்கியது.

கனமான ஆட்சேபம் நிலைப்பு பற்றியது. நெகட்டிவ் பெட்டியில் கிடந்தாலும் பிழைக்கும், கோப்பு கைபேசியோடு அழியும் என்கிறார்கள். பின்பாதி உண்மை. முன்பாதி கடலோர ஈரக்காற்றுக்குப் பொருந்தாது. பூஞ்சணம் நெகட்டிவைத் தின்னும். அதைவிடப் பெரிய ஆபத்து, நெகட்டிவ் ஒன்றே ஒன்றாக இருப்பது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருமளவில் குடியேறியது கற்பிட்டி அடங்கிய இதே புத்தளம் மாவட்டத்தில்தான். மிகச் சொற்பத்தையே கொண்டுசெல்ல முடிகிற அப்படியொரு வெளியேற்றத்தில், வீட்டோடு ஒற்றைப் பிரதியும் போய்விடும். கோப்பையோ தரம் குன்றாமல் பல ஊர்களில், பல உறவினரிடம் வைக்கலாம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் ஒரே கைபேசியில் ஆயிரம் படங்களை அடைத்துவைப்பது நமது அசட்டை, கருவியின் குறையல்ல. கோப்போடு அச்சுப் படமும் வேண்டும். 1944இல் மறைந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று அவரது கலையை நாம் காண்பது எஞ்சிய அச்சுப் படங்களில். ஆகவே அடுத்த திருவிழாவுக்குப் போகுமுன், சென்ற முறை எடுத்தவற்றில் பத்தையாவது தெரிவுசெய்து அச்சிடுங்கள். பின்புறத்தில் ஆண்டையும் அதிலிருப்போரின் பெயர்களையும் எழுதிவையுங்கள். கோப்புகளின் ஒரு பிரதியை வேறொரு வீட்டுக்குக் கொடுங்கள்.