தலைமை எங்கே இருந்தது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மார்ட்டின் லூதர் கிங்கில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். கிங்கின் இடம் மறுக்க முடியாதது. ஆனால் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் பேச்சைக் கேட்கச் சுமார் இரண்டரை லட்சம் பேரைத் திரட்டும் ஏற்பாட்டை முன்னின்று செய்தவர் பயார்ட் ரஸ்டின். தன்பாலீர்ப்பாளர் என்பதால் இயக்கத்துக்குள்ளேயே ஓரங்கட்டப்பட்டவர்.

மாண்ட்கோமரியிலும் கதை அப்படித்தான். 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கைகளை உருட்டச்சில் அடித்தார். 381 நாள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு இப்படித்தான் தொடங்கியது. 26 வயது கிங் அதன் தலைவரானது அதற்குப் பிறகு.

என்னைக் கேட்டால், இந்தப் போராட்டத்தின் மையம் மேடைகளில் இல்லை. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் இருந்தது. அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினால்தான் அன்று அங்கே வாக்காளராகப் பதிய முடிந்தது. கறுப்பர்களை வடிகட்ட வைத்த சல்லடை அது. கறுப்பர் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததால் 1956இல் பள்ளி வேலையை இழந்த செப்டிமா கிளார்க், உள்ளூர்க்காரர் இசா ஜென்கின்சுடன் சேர்ந்து அங்கே இரவு வகுப்பு தொடங்க வழிசெய்தார். 1957 ஜனவரியில் பாடம் நடத்த வந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியையே அல்ல, சிகையலங்காரம் செய்பவர். வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள் என்பதால் அவர் பிழைப்பில் வெள்ளையர் கைவைக்க முடியாது; தெரிந்தேதான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் பெரியவர்கள் வந்து, கையெழுத்துப் போடவும் மணியார்டர் படிவம் நிரப்பவும் சட்டத்தை வாசிக்கவும் பழகினார்கள். பிறகு இந்தப் பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. 1961இல் இவற்றை ஏற்று நடத்திய கிங்கின் அமைப்பில், பெண்களின் யோசனைக்கு ஆண்கள் காது கொடுக்கவில்லை என்று கிளார்க் பின்னாளில் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

அந்த அமைப்போடு முரண்பட்ட இன்னொருவர் எல்லா பேக்கர். 1960இல் மாணவர்களைக் கூட்டி, எந்தப் பெரிய தலைவரின் நிழலிலும் ஒதுங்காமல் சொந்த அமைப்பு காணச் சொன்னார்.

அந்த மாணவர்கள் மிசிசிப்பிக்குப் போனபோது அவர்களுக்குக் கிடைத்தவர் ஃபேனி லூ ஹேமர், பருத்தித் தோட்டத் தொழிலாளி. 1962இல் வாக்காளராகப் பதிய முயன்ற அன்றே, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்தைவிட்டு அவரை வெளியேற்றினார்கள். மறு ஆண்டு வினோனா காவல் சிறையில் அடித்து நொறுக்கினார்கள். 1964 ஆகஸ்டில், அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அதையெல்லாம் அவர் எடுத்துச் சொன்னபோது, தொலைக்காட்சியின் கவனத்தைத் திருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். தொலைக்காட்சிகளோ அன்று இரவே ஹேமரின் வாக்குமூலத்தை ஒளிபரப்பின.

மிசிசிப்பியின் வெள்ளையர் பிரதிநிதிகளுக்குப் பதிலாகத் தங்களை அமர்த்த வேண்டும் என்பது மிசிசிப்பியிலிருந்து ஹேமரோடு வந்த குழுவின் கோரிக்கை. கட்சி கொடுக்க முன்வந்தது இரண்டே இடங்கள். ஏற்றுக்கொள்ளலாம் என்றார் ரஸ்டின். கிங்கும் ஏறக்குறைய அதே பக்கம். ஊரிலிருந்து வந்த குத்தகை விவசாயிகளும் வீட்டு வேலைக்காரர்களும் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர்களில் 6.7 விழுக்காட்டினரே பதிவு பெற்றிருந்தனர். 1967இல் அது 59.8. சிகாகோவில் கூடிய அடுத்த மாநாட்டில், 1968இல், ஹேமர் முறையான பிரதிநிதியாகவே உட்கார்ந்தார்.